பாடிக்கொண்டே ஆட ஊர்மக்களால் முடியுமா? ஒரு பினாங்கு இசைநாடக ஒத்திகை

ஜூன் 8

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் எழுதியது:

"எங்கள் கோவில் இளைஞர் அணி அடுத்த ஆண்டு ஓர் இசைநாடகம் போட நினைக்கிறது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நடனம் கற்ற நான்கைந்து பெண்களை நடுவில் ஆட விட்டு, மற்றவர்களைப் பின்னால் வரிசையாக நிறுத்திக் கையை அசைக்கச் சொன்னால் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று மாதத்தில் ஆட்டம் வராது. பாடிக்கொண்டே ஆடுவது அதைவிடக் கடினம். பழைய ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய நடத்தினார்களே, நாம் ஏன் மூன்று மாதம் மண்டபத்துக்கு வாடகை கட்ட வேண்டும்?"

ஜூன் 8, இரவு

பின்னால் நிறுத்திக் கையசைக்கச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. வேலை முடிந்து, குளித்து, ஃபெர்ரி பிடித்து ஒத்திகைக்கு வருகிற மனிதரைச் சுவரோடு சுவராக நிறுத்தி வைப்பது அவமதிப்பு. பார்க்க வருபவர்களுக்கும் அது தெரிந்துவிடும். எதற்காக அசைக்கிறோம் என்று தெரியாத கை கடைசி வரிசை வரைக்கும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நான் இப்போது இதே வேலையில்தான் இருக்கிறேன். ஜார்ஜ் டவுனில் 24 பேர். மூத்தவருக்கு வயது 71, இளையவனுக்கு 16. பரதம் முறையாகக் கற்றவர்கள் ஆறு பெண்கள். உறுமி மேளக் குழுவிலிருந்து நான்கு தம்பிகள். மற்றவர்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் தமிழ்ப்பள்ளியிலும் கடைகளிலும் வேலை செய்கிறவர்கள். கதை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதில் தொடங்கி, பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம் வழியாக, ரப்பர்த் தோட்டத்துக்குப் போகிறது. ரஜூலா கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் குழுவிலேயே மூன்று பேர். செப்டம்பர் 13, 14 ஆகிய நாள்களில் அரங்கேற்றம்.

ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது பாதிதான் சரி. வெவ்வேறு ஊரிலிருந்து வந்த வள்ளியும் முருகனும் அன்று மாலைதான் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு மேடை ஏறியது உண்மை. ஆனால் அது ஒத்திகை இல்லாத நாடகம் ஆகாது. அவர்களுடைய ஒத்திகை எட்டு வயதில் தொடங்கியது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்த இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் வேலை நடக்கும். மேடையோரத்தில் ஆர்மோனியக்காரர் வேறு, நடிகரின் முகத்தைப் பார்த்தே அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பார். எங்கள் 24 பேருக்கும் பொதுவாகத் தெரிந்த பாட்டு நாட்டுப்பண் நெகாராக்கூ ஒன்றுதான்.

ஜூன் 15

முதல் ஒத்திகை. அடவு, அதாவது பரதத்தின் அடிப்படை அசைவு, எதையும் சொல்லித்தரவில்லை. "உங்கள் வேலையில் ஒரு நாளைக்கு நூறு முறை செய்கிற அசைவு ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேட்டேன். தொழிற்சாலைத் தம்பி ஒருவன் பெல்ட்டில் வருகிற பொருளைக் கண்ணால் தொட்டுவிட்டு விரலால் நகர்த்தினான். தலை அசையவில்லை, விழி மட்டும் ஓடியது. பரதத்தில் அந்த விழியோட்டம் வருவதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுப்போம். அவனுக்கு அது சம்பளத்தோடு வந்திருக்கிறது.

71 வயதுப் பெரியம்மா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பால்வெட்டுக் காட்சியை நான் வீட்டிலேயே அமைத்துக் கொண்டுபோயிருந்தேன். கடகாமுக முத்திரையில் கத்தி, முழங்கால் மடக்கிய அரைமண்டி, முகத்தில் சோகம். பெரியம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டே வெட்டுகிறாய். நின்றால் வெட்டு நேராக வராது. வெட்ட வெட்டக் கால் மரத்தைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். இருட்டில் எழுந்து வந்தவளுக்கு முகத்தில் சோகம் வைக்க நேரம் ஏது? கண் மரப்பட்டையின் மேல் இருக்கும்."

பிறகு மண்டபத் தூணைச் சுற்றிக் காட்டினார். சின்னச் சின்ன எட்டு, முழங்கால் மெல்ல மடங்குகிறது, கத்தி துண்டு துண்டாகச் சீவுகிறது, உடம்பு முழுவதும் ஒரு கால்வட்டம் போட்டு முடிகிறது. நான் அமைத்ததை அன்றே விட்டுவிட்டேன். அந்த ஆறு பெண்களும் பெரியம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்று கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கை முத்திரைக்குப் போகிறது, முகம் சபையைத் தேடுகிறது.

ஜூன் 16

நேற்று எழுத விட்டுப்போனது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் போகும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்க்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து சுற்றிப் போவதால், அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். எல்லாரும் ஒரே பக்கம்தான் சுற்ற வேண்டும். வரிசை அழகுக்காகப் பாதிப் பேரை எதிர்ப்பக்கம் சுற்ற விடலாமா என்று நினைத்திருந்தேன். கூடாது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் சபையில் இருந்தாலும் அவருக்கு அது பொய்யாகத் தெரியும். பினாங்கில் அப்படி ஒருவர் மட்டுமா இருப்பார்!

ஜூன் 29

தாளம். இதை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போய்விட்டன.

கப்பல் காட்சிக்கு மிஸ்ர சாபு வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஏழு எண்ணிக்கை, தகிட தகதிமி, மூன்றும் நான்கும். இடக்காலில் மூன்று நிற்க, வலக்காலில் நான்கு நிற்க, 24 பேர் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் கடல் தெரியும். சமமான எட்டில் சாய்ந்தால் ஊஞ்சல்தான் தெரியும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டு மறுபக்கம் திரும்ப யோசிக்கும், அந்த யோசனைதான் நான்காவது எண்ணிக்கை.

நடந்தது வேறு. சினிமாப் பாட்டுக்கு ஆடிப் பழகிய பிள்ளைகள் "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணித்தான் ஆட்டம் எடுக்கிறார்கள். ஏழு முடிந்ததும் உடம்பு தானாகவே எட்டாவதைச் சேர்த்துக்கொண்டது. பரதம் கற்றவர்கள் ஏழில் திரும்ப, மற்றவர்கள் எட்டில் திரும்ப, கயிறு நடுவில் அறுந்துவிடும்போல் இழுபட்டது. நான் சொற்கட்டைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். "தகிட தகதிமி" பழக்கமில்லாத நாக்கில் கல்லாக உருண்டது. முதல் ஞாயிறு இப்படியே போனது. வீட்டுக்குப் போய் அழுதேன்.

வழி காட்டியவன் உறுமித் தம்பி. "அக்கா, எண்ண வேண்டாம், பேசச் சொல்லுங்கள்" என்றான். மேளத்தில் அவர்கள் அப்படித்தான் கற்கிறார்களாம், அடிக்கு ஒரு சொல். உடனே உட்கார்ந்து ஏழு அசைக்குச் சொல் தேடினோம். "அலையில் அசைகிற, கரையை நினைக்கிற." அ-லை-யில் மூன்று, அ-சை-கி-ற நான்கு. பதினைந்து நிமிடத்தில் கடைக்கார அண்ணன் உட்பட எல்லாரும் ஒன்றாகத் திரும்பினார்கள். எட்டாவது எண்ணிக்கைக்கு அங்கே சொல் இல்லை, அதனால் உடம்பும் அதைத் தேடவில்லை.

பட்டர்வொர்த் நண்பரே, ஆட்டம் வராது என்று நாம் சொல்கிறவர்களில் பல பேருக்கு எண்ணிக்கைதான் வருவதில்லை. இரண்டும் வேறு வேறு.

ஜூலை 6

இடம் வலம். நான் அவர்களைப் பார்த்து நின்று சொல்லித்தரும்போது என் வலம் அவர்களுக்கு இடம். முதுகைக் காட்டி ஆடினால் அவர்கள் தவறுவது எனக்குத் தெரியாது. எல்லார் கையிலும் கோவில் கயிறு இருக்கிறதே என்று, "கயிறு கட்டிய கைப் பக்கம் நகருங்கள்" என்று கூவினேன்.

ஆண்கள் எல்லாரும் வலப்பக்கம் போனார்கள். பெண்கள் எல்லாரும் இடப்பக்கம் போனார்கள். நடுவில் பெரிய வெற்றிடம், அதில் பாவாடை கட்டிய பதினாறு வயதுச் சிறுமி மட்டும், கயிறே கட்டாமல், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். ஆண்களுக்கு வலக்கை, பெண்களுக்கு இடக்கை என்பது எனக்குத் தெரியாததா என்ன? அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மண்டபம் சிரித்து ஓய்ந்த பிறகு, அதையே தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் காட்சிக்கு எடுத்துக்கொண்டோம். விடியலுக்கு முன் கங்காணி பெயர் கூப்பிடும்போது குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து வேலைக்குப் போக, நடுவில் ஒரு சிறுமி நிற்கிறாள். ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தாலும் எனக்கு அது கிடைத்திருக்காது.

(மேலே ஜூன் 8 குறிப்பில் இளையவனுக்கு 16 என்று எழுதிவிட்டேன். அது இந்தச் சிறுமி. இளையவளுக்கு.)

ஜூலை 13

பாடிக்கொண்டே ஆடுவது. ஈப்போவிலிருந்து ஒருவர், முன்கூட்டியே பதிவு செய்து வாயசைத்தால் போதாதா என்று கேட்டிருந்தார். பெரிய அரங்குகளில் அப்படிச் செய்பவர்கள் உண்டு. எங்களுக்கு அது ஒத்துவராது. மூச்சு வாங்குகிற உடம்பிலிருந்து மூச்சு வாங்காத குரல் வந்தால் அந்தப் பெண் பொய் சொல்வதுபோல் இருக்கிறது.

அதனால் ஆட்டத்தைப் பாட்டின் மூச்சுக்கு ஏற்ப வெட்டினேன். நீண்ட சுவரம் வருகிற இடத்தில் கால் நிற்கும். வரி முடிந்து வாத்தியம் மட்டும் வாசிக்கிற இடத்தில் கால் ஓடும். அரைமண்டியில் இருந்து உச்ச சுவரம் எடுக்கக் கூடாது. பழகியவர்களுக்கு முடியும், மற்றவர்கள் தோளைத் தூக்கிவிடுவார்கள், குரல் நெரியும். தாளில் மூச்சு எடுக்கும் இடமெல்லாம் பென்சிலால் "மூ" என்று எழுத வைத்தேன். கூட்டுப்பாட்டில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும், ஆகவே முன்வரிசைக்கு ஒரு "மூ", பின்வரிசைக்கு வேறொரு "மூ".

இன்று காலை தண்ணீர்மலைக்குப் போனோம். மேலே முருகன் கோவிலுக்கு 513 படிகள். கப்பல் பாட்டை மெதுவாகப் பாடிக்கொண்டே ஏறினோம். எந்த இடத்தில் குரல் உடைகிறதோ அங்கே நின்று, அந்த வரியைக் குறித்துக்கொண்டு, பிறகு ஏறினோம். நான் தாளில் குறித்த "மூ"க்களில் பாதி தவறு என்று நூறாவது படிக்குள் தெரிந்துவிட்டது. இருநூறாவது படியில் பெரியம்மா உட்கார்ந்துவிட்டார், ஆனால் அங்கிருந்தே பாடினார். கீழே இறங்குகிறவர்கள் நின்று கேட்டார்கள்.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் கோவில் மண்டபம் முழுவதும் எங்களுக்கே என்று மகிழ்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் என்பதை மறந்துபோனேன். பானைகள் மண்டபத்தில், நாங்கள் வெளியே தகரக் கூரையின் கீழ். கூழ் குடித்துவிட்டு ஆடக் கூடாது என்பதையும் இன்று அனுபவத்தில் தெரிந்துகொண்டோம்.

கொட்டகையில் வெறும் சிமெண்டுத் தரை. குதிப்பதையும் பலமாகத் தட்டுவதையும் அங்கே நிறுத்திவிட்டேன். சிமெண்டு அடியை வாங்கிக்கொள்ளாது, திருப்பி முழங்காலுக்கே அனுப்பும். முன்பு ஒருமுறை இதைப் பொருட்படுத்தாமல் விட்டு இரண்டு பெண்களுக்குக் கணுக்காலில் மாதக்கணக்கில் வலி இருந்தது. அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை. நடந்து காட்டினாலே போதும், இடம் மனத்தில் பதியும்.

ஆள் வராமை. தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு, பகல் சில நாள், இரவு சில நாள். 24 பேரும் ஒன்றாக நின்ற ஒத்திகை இதுவரை ஒன்றுகூட இல்லை. இதற்காக ஒவ்வொருவருக்கும் ஓர் இணை வைத்திருக்கிறேன். இவர் வராவிட்டால் அவர் இவர் இடத்தில் நடப்பார், பிறகு வீட்டில் சொல்லித்தருவார்.

ஜூலை 21

இணை முறையில் ஒரு பெரிய பிழை. நண்பர்களை நண்பர்களோடு சேர்த்தேன். நண்பர்கள் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள். வராவிட்டால் இருவரும் வருவதில்லை. இன்று ஷிப்டு அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு, பகல்காரருக்கு இரவுக்காரர் என்று மாற்றிப் போட்டேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு உறுமித் தம்பி இணை. அவன் ஒன்றாம் வகுப்பில் அவரிடம் படித்தவன். இப்போது அவருக்கு அவன் சொல்லித்தருகிறான், "டீச்சர், இடது கால், டீச்சர்" என்று கைகட்டிக்கொண்டு.

ஆகஸ்ட் 3

கப்பலிலிருந்து தோட்டத்துக்கு மாற 40 வினாடி வேண்டும். கயிற்றைச் சுருட்ட வேண்டும், மூங்கில்களை மரமாக நிறுத்த வேண்டும், பெண்கள் தலையில் துணி கட்ட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுச் செய்யலாம் என்றார்கள். இருட்டில் 40 வினாடி உட்கார்ந்திருக்கிற சபை கைத்தொலைபேசியை எடுத்துவிடும்.

இதற்கு மருந்து இந்த ஊரிலேயே இருக்கிறது. 1870களில் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்தன. அதைப் பார்த்துப் பழகி இங்கேயே பங்சாவான் என்ற மலாய் இசைநாடகம் பிறந்தது. 1885இல் தொடங்கிய முதல் குழுவின் பெயர் பூஷி இந்திரா பங்சாவான். பின்னால் மேடைச் சட்டத்தை மாற்றும்போது திரைக்கு முன்னால் ஒருவர் பாடுவார், ஆடுவார், சிரிக்க வைப்பார். அதற்கு எக்ஸ்ட்ரா டர்ன் என்றே பெயர். கதைக்குச் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை, ஆள் நன்றாக இருந்தால் போதும். அதை மட்டும் பார்க்க வந்தவர்களும் உண்டாம்.

எங்கள் கடைக்கார அண்ணன் திரைக்கு முன்னால் வந்து, ஜெரெஜாக் தீவில் துணிகளை நீராவியில் அவித்தெடுத்த கதையை ஒரு தெம்மாங்கில் சொல்வார். தெம்மாங்கு மெட்டு அவருடைய அம்மா பாடியது. சினிமா மெட்டு ஒன்றுகூட நாங்கள் எடுக்கவில்லை. உரிமை வாங்குகிற அலைச்சல் ஒரு காரணம். பழகிய மெட்டைக் கேட்டதும் சபை தன் நினைவுக்குப் போய்விடும், எங்கள் கதைக்குத் திரும்பி வராது. எனக்கு அதுதான் பெரிய காரணம்.

அண்ணன் 40 வினாடிக்குப் பதில் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 17

இன்று நாடகத்தை முதலிலிருந்து முடிவு வரை நிற்காமல் ஓட்டினோம். 2 மணி 25 நிமிடம். இடைவேளை சேர்க்காமல். அதிகம்.

வெட்ட வேண்டியது எது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என்னிடம் சொல்லத்தான் யாரும் துணியவில்லை. தொடக்கத்தில் ஆறு பெண்களும் ஆடுகிற நான்கு நிமிட நடனம். ஜனவரியிலிருந்து நான் செதுக்கி வைத்தது. அழகாக இருந்தது. அதற்குப் பிறகு வருகிற முதல் காட்சியில், மூட்டையோடு ஒரு கிழவர் நடந்து வந்து கடலைப் பார்ப்பார். அவ்வளவுதான் காட்சி. நடனத்துக்குப் பிறகு அவர் வந்தால், அடுத்த நடனத்துக்கு இடைவெளி விடுகிறவர் மாதிரி தெரிகிறார். நடனம் இல்லாமல் அவர் வந்தால் நாடகம் தொடங்குகிறது.

எடுத்துவிட்டேன். அந்தப் பெண்களில் ஒருத்தி பேசாமல் சலங்கையைக் கழற்றிப் பையில் வைத்தாள். அவளுடைய அம்மா இன்றிரவு அழைத்துப் பேசினார். நியாயமான வருத்தம். பிள்ளையை எட்டு வயதிலிருந்து வகுப்புக்குக் கொண்டுவந்தவர்.

இங்கே பட்டர்வொர்த் நண்பரிடம் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் ஆட வேண்டும் என்று ஜூன் மாதத்தில் பிடிவாதமாக இருந்தேன். தோட்டத்துத் திருவிழாக் காட்சியில் கும்மி மூன்றாம் காலத்துக்கு, அதாவது மூன்றாவது வேகத்துக்கு, ஏறுகிறது. அங்கே 24 பேரையும் வைத்தால் வேகம் வரவில்லை, வேகம் வந்தால் ஆள் மோதுகிறது. இப்போது முதல் இரண்டு காலமும் எல்லாரும், மூன்றாம் காலத்தில் ஒவ்வொருவராக வெளியே விலகி, கடைசியில் அந்த ஆறு பேர் மட்டும். விலகியவர்கள் சும்மா நிற்கவில்லை. கைதட்டித் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, யாரோ தெரிந்தவர் வீட்டுப் பெண் ஆடுவதைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். கற்றவர்கள் ஆடட்டும் என்பதில் நீங்கள் சொன்னது சரி. சுற்றி நிற்பவர்களுக்கு வேலை இல்லை என்பதைத்தான் இன்னும் ஏற்க மாட்டேன். சலங்கையைக் கழற்றிய பெண்தான் கடைசிச் சுற்றின் நடுவில்.

ஆகஸ்ட் 31

விடுமுறை நாளில் 24 பேரும் வந்தார்கள். முதன்முறை. ஆவணி முகூர்த்தம் என்று மண்டபம் கையை விட்டுப் போனதால் தமிழ்ப்பள்ளிக் கொட்டகையில். வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்தபடியே முழு நாடகத்தையும் பாடினோம், ஆட்டம் கிடையாது. உறுமி ஆர்மோனியத்தை விழுங்கியது. தம்பிகள் கோபித்துக்கொள்ளாமல் கம்பில் துணி சுற்றிக்கொண்டார்கள்.

24 பேர் ஒன்றாக மூச்சு எடுக்கிற சத்தத்தை இன்றுதான் கேட்டேன்.

செப்டம்பர் 10

அரங்கத்துக்குள் நுழைந்தோம். கொடுத்த வரைபடத்தில் இருந்ததைவிட மேடை இரண்டு மீட்டர் குறுகல். பக்கத்திரைகளை யாரோ பிறகு உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். கப்பல் கயிற்றின் இரண்டு முனையிலும் ஆட்கள் திரைக்குள் போய்விட்டார்கள்.

மூன்று மாதம் ஒத்திகை பார்த்தது இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. மண்டபத் தரையில் முதல் வாரத்திலிருந்தே மேடை விளிம்பு என்று ஒரு கோடு ஒட்டி, நடுவில் பூச்சியம், இரண்டு பக்கமும் மீட்டருக்கு ஓர் எண் என்று எழுதி வைத்திருந்தேன். "நான் இடது மூன்றில் நிற்கிறேன்" என்றுதான் எல்லாரும் தம் இடத்தை அறிந்திருக்கிறார்கள். இன்று அதே எண்களை 85 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கி ஒட்டினோம். எண் மாறவில்லை, யாரும் எதையும் மறு மனப்பாடம் செய்யவில்லை. இடைவெளி மட்டும் இறுகியது. கப்பலுக்கு அந்த நெருக்கம் பொருத்தமாகவே இருந்தது. கும்மிக்குத்தான் வட்டத்தை இரண்டாக்க வேண்டி வந்தது.

மேடையின் பின்பக்கம் இரண்டு தூண்கள். அவற்றின் நிழல் மூங்கில் மரங்களின்மேல் கம்பளம்போல் விழுந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடுகிற அரங்குக்கு அளவு வரும்: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூணின் நிழல் மேடையில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கு நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கிறது. படிக்கும்போது அழகான வருணனை என்று தாண்டிப்போயிருக்கிறேன். இன்று ஏணியின்மேல் நின்ற விளக்குக்கார அண்ணனிடம் அதைச் சொன்னபோது, "சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்று இரண்டு பக்க விளக்கையும் தூணுக்கு முன்னால் கொண்டுவந்தார். நிழல் போய்விட்டது. விடியல் வந்தது. பால் வெயிலுக்கு முன்னால்தான் நன்றாக ஓடும், ஆகவே எங்கள் தோட்டத்தில் சூரியன் உதிக்கவே கூடாது, உதிக்கப்போகிற வெளிச்சம் மட்டும் வேண்டும். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

செப்டம்பர் 12

உடை ஒத்திகை. பருத்தி வேட்டி நழுவுகிறது. ஆண்கள் எல்லாருக்கும் இடுப்பில் வார் கட்டச் சொல்லியாயிற்று. அரங்கக் காவலர் பாக்சிக் (மலாய் மாமா) கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். தமிழ் தெரியாது. பெரட்டுக் காட்சியில் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய அப்பாவும் பால் வெட்டியவராம்.

செப்டம்பர் 15

முடிந்தது. இரண்டு நாளும் நல்ல கூட்டம்.

இரண்டாம் நாள் ஒரு தம்பிக்கு ஷிப்டு நீண்டுவிட்டது, வர முடியவில்லை. இணை அவன் இடத்துக்குப் போனான். இணை விட்டுப்போன இடத்தை யார் மூடுவது என்று நான் சொல்லித்தரவே இல்லை. கப்பல் காட்சியில் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்த இடத்துக்கு நகர்ந்து மோதிக்கொண்டார்கள். நெற்றியில் சின்ன வீக்கம், வேறொன்றும் இல்லை. பாட்டு நிற்கவில்லை. ஒத்திகை வைக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ஆள் மாறுவதை மட்டும் பழகினால் போதாது, வெற்றிடத்தை எந்தப் பக்கத்து ஆள் மூடுவார் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். நான் இனி "எண் குறைவானவர் நகர்வார்" என்று வைக்கப்போகிறேன்.

பட்டர்வொர்த் நண்பர் இரண்டாம் நாள் வந்திருந்தார். வாசலில் என்னிடம், மூன்று மாதம் போதாது, நான்கு வேண்டும் என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 28

நவம்பரில் நிபோங் திபால் பக்கம் ஒரு மண்டபத்தில் மறுமுறை போடக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு திருத்தம்.

இந்தக் குறிப்புகளைப் பெரியம்மாவுக்கு அவருடைய பேத்தி படித்துக்காட்டியிருக்கிறாள். ஜூன் 15 குறிப்பு வந்ததும் நிறுத்தச் சொல்லி என்னை அழைத்தார். "வெட்டுவதை எழுதியிருக்கிறாய். வெட்டுவதற்கு முன்னால் செய்வதை எழுதவில்லை. மேடையிலும் அது இல்லை." முந்தின வெட்டில் காய்ந்து நூலாக ஒட்டியிருக்கும் பாலை முதலில் உரித்து எடுக்க வேண்டும். அதை உரிக்காமல் கத்தி வைக்கவே முடியாது. பிறகு பால் பிடிக்கும் மங்கைத் துடைத்துச் சரியாக வைக்க வேண்டும். "மூன்று மாதமாக நீங்கள் எல்லாரும் அழுக்கு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன், நீ ஏற்கனவே எல்லாவற்றையும் எனக்காக மாற்றிவிட்டாய் என்று."

உரிப்பது கண்ணில் நிற்கிறது. பட்டையின் சரிவோடு கை ஒரே இழுப்பில் இறங்குகிறது, நூல் விரலில் சுருள்கிறது, மடிப்பைக்குள் போகிறது. இப்போது எட்டு எண்ணிக்கையில் நான்கு வெட்டு, நான்கு அடுத்த மரத்துக்கு நடை. நடையிலிருந்து இரண்டை எடுத்து உரிப்பதற்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். நடையில் கை வைக்காதே, ஒரு நாளைக்கு அதுதான் அதிகம் என்கிறார். வெட்டிலிருந்தும் எடுக்க முடியாது. அப்படியானால் ஒரு மரத்துக்கு எட்டு போதாது. ஆர்மோனியக்கார அண்ணனிடம் மெட்டைப் பன்னிரண்டுக்கு நீட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.